துடைப்பம் பிடித்த பத்து நாள்

சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள் நான்; குடியிருப்பது லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு ஒரு கடைக் கண்ணாடியை உடைத்து, நாலு நாள் ஜெயிலில் கிடந்தார். கோர்ட்டில் எங்கள் வக்கீல் வந்து, "குத்தத்தை ஒத்துக்கிட்டா ஜெயில் வேண்டாம், பத்து நாள் அரசு ஆஸ்பத்திரியைக் கூட்டினாப் போதும்" என்றார்.

புத்தி கெட்டுப்போய்த் தடுத்தது நான்தான். "ஜெயிலுக்கே போங்க. போடி டவுனுக்கு வேலைக்குப் போயிருக்கீங்கன்னுதான் லயத்துல சொல்லி வச்சிருக்கேன். நம்ம சனம் பூரா வர்ற ஆஸ்பத்திரில துடைப்பம் புடிச்சா மானம் போயிரும்."

அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகெல்லாம் சொறி. "உள்ள ஒருத்தன் எந்திரிச்சாத்தான் அடுத்தவன் படுக்க முடியும், மேரி. நான் கூட்டுறேன்."

கூட்டினார். மூன்றாம் நாள் நான் சோறு கொண்டுபோனபோது, சீட்டு வாங்கும் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "போடியில வேலைன்னியே, இங்க கூட்டிக்கிட்டு நிக்கிறாரு?"

எனக்குச் சுர்ரென்றது. "ஆமாக்கா, தண்டனைதான். உடைச்சாரு, கூட்டுறாரு. நீங்க நிக்கிற தரை சுத்தமா இருக்குல்ல?" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கும்படி.

இப்போது லயத்தில் யார் வீட்டு ஆள் கேஸில் மாட்டினாலும் கோர்ட்டுக்குக் கூடவே போகிறேன். மானத்துக்குப் பயந்து ஆளை உள்ளே தள்ளாதீர்கள் என்று சண்டை போடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுக்கிறார்.