நேர்த்திக்குக் கொடுத்த பணிஸ்

கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் யாரோ ஒரு மிஸ், கோயிலில் மைக்கைப் பிடித்து, ஒரு பிள்ளை பரீட்சையில் ஃபெயில் என்று சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாளாம். பிள்ளை வீட்டை விட்டே போய்விட்டதாம். வெள்ளவத்தை ஃபோட்டோகொப்பிக் கடை ஸமீமாவுக்கு இதைச் சொன்னது அவளுடைய மச்சி. மச்சிக்குச் சொன்னது ஒரு த்ரீவீலர்காரன்.

"அப்படியாப்பட்ட பொம்புளைக்கெல்லாம் நெஞ்சுண்டு ஒண்டு ஈக்கா, செல்லுங்க?" என்றாள் ஸமீமா, மெஷினில் தாளை அடுக்கியபடி.

வாசலில் நின்ற செலீன், "மைக் இருக்கேல்லை" என்றாள்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. ரெண்டு பக்கமும் அடியுங்கோ."

செலீன் பக்கத்துக் கட்டடத்திலிருந்த தனியார் கல்லூரியில் வரவேற்பு மேசைக்காரி. துறைமுகக் கிளார்க்காக இருந்த கணவன் செபஸ்தியன் இறந்தபின் பிடித்த வேலை. கல்லூரியில் ஆலோசகர் என்று ஒருவரும் இருந்தார். அவருடைய அறைக்குள் போனால் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று ஒரு பிள்ளையும் போவதில்லை. பெறுபேறு வரும் நாளில், முகம் செத்துப்போய்ப் படியிறங்கும் பிள்ளையைச் செலீன்தான் கையைப் பிடித்து நிறுத்துவாள். வாகனங்கள் ஓயாத காலி வீதியைக் கடந்து, ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைப் பாறைக்குக் கூட்டிப்போவாள். இறால் வடை வாங்கிக் கொடுப்பாள்.

"முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தில அழுதா தலையிடிக்கும்."

சாப்பிட்டு முடிந்ததும், "இப்ப வீட்டுக்கு எடு" என்பாள். தான் எடுத்துச் சொல்லமாட்டாள். "நான் சொன்னா நீ என்னவோ களவெடுத்த மாதிரி இருக்கும். நீயே சொன்னா, நீ ஒரு பேப்பர்ல ஃபெயிலான ஆள். அவ்வளவுதான்." பிள்ளை பேசும்போது அவள் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவர் தன் தோல்வியைச் சொல்லும்போது முகத்தைப் பார்ப்பது மரியாதையில்லை என்பது அவளுடைய எண்ணம். அடுத்த நாள், எந்தக் கேள்வியில் பிழை வந்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பாள். ஹபீஸ் என்பவன் அப்படி இரண்டு தரம் விழுந்து எழும்பியவன். இப்போது வங்கியில் இருக்கிறான். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து, "மிஸ், ஒங்கட வடையில சரியான எண்ணெ. இனித் திங்க ஏலாதுண்டுதான் பாஸ் பண்ணினேன்" என்பான்.

ரொஷேலும் அந்தக் கல்லூரிப் பிள்ளைதான்; செலீன் போகும் அதே கோயில் பங்கைச் சேர்ந்தவள். தாய் புளோறன்ஸ் சட்டை தைப்பவள். தகப்பன் கிளெமென்ற் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர், கோபக்காரர். இந்த முறை ரொஷேல் விழுந்தபோது அழவில்லை. வடையைத் தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்தாள்.

"ஓம் அம்மா... ஒண்டு மட்டும்தான்... சரிம்மா, அழாதீங்க... ஓம், செலீன் மிஸ் பக்கத்தில இருக்காங்க."

கல்கிசைப் பக்கம் போகிற கோச்சி தண்டவாளத்தில் இரைந்துகொண்டு போனது. செலீன் கடலைப் பார்த்தபடியே அவளுடைய தோளைத் தட்டினாள். "பாத்தியா? முடிஞ்சுது."

அந்த ஃபோனின் மறுபக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

அடுத்துவந்த செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் புளோறன்ஸ் கூடையோடு நின்று பணிஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். நேர்த்திப் பணிஸ்: வேண்டுதல் பலித்தால் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும் இனிப்பு ரொட்டி. வரிசையில் வந்த செலீனின் கையில் ஒன்றை வைத்து, "அந்தோனியார் கைவிடல்ல, அக்கா" என்றாள். மகள் விழுந்த நேரத்திலும் நன்றி சொல்ல இவளால் முடிகிறதே என்று செலீன் வியந்தாள். புளோறன்ஸின் கையை இறுகப் பிடித்தாள்.

"உங்களப்போல ஒரு தாயை நான் கண்டதில்லை. ஒரு பேப்பர் தானே, புளோறன்ஸ். அடுத்தமுறை கட்டாயம் எடுத்திடுவாள்."

"என்ன பேப்பர்?"

செலீன் வாயைத் திறந்தாள். மூட முடியவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண், "அப்ப இது பாஸானதுக்குக் குடுக்கிற பணிஸ் இல்லியா?" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

நேர்ந்துகொண்டதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே புளோறன்ஸ் தலையை நிமிர்த்தாமல், நீட்டிய கைகளிலெல்லாம் பணிஸை வைத்துக்கொண்டே இருந்தாள், கூடை முடியும்வரை.

அன்று வீட்டில் கிளெமென்ற் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டதாம். ரொஷேல் ஒரு பையோடு கல்கிசையில் இருக்கும் சிநேகிதி டில்ஷானியிடம் போய்விட்டாள்.

செலீன் மன்னிப்புக் கேட்கப் போனபோது புளோறன்ஸ் தையல் மெஷினை விட்டு எழும்பவில்லை.

"எனக்கு ஒங்களோட கோவமில்ல, அக்கா. ஒண்டுதான் கேக்கிறன். அவ ஒங்களுக்குப் பக்கத்தில இருந்துதானே பொய்க்கு ஃபோன் கதைச்சா? எத்தின புள்ளைகளைப் பாத்த ஆள் நீங்க. ஒங்களுக்கும் விளங்கல்லியா?"

வீட்டுக்கு எடு, எடு என்று இத்தனை பிள்ளைகளுக்குச் சொன்ன செலீன், எடுக்கப் பயமா என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. ரொஷேல் காதில் வைக்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் வெளிச்சமில்லாத ஃபோன் தெரிந்திருக்கும்.

மைக் கதையைக் கேட்ட அன்று ஸமீமா அடித்துக் கொடுத்தவை பழைய வினாத்தாள்கள், ரொஷேலுக்காக. அவற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செலீன் காலி வீதியைக் கடந்தாள். ஒழுங்கையால் இறங்கும்போது டில்ஷானிக்கு எடுத்தாள்.

"அவ இஞ்சதான், மிஸ். சாப்பிடுறா, படுக்கிறா. ஆனா உங்கட பேரைச் சொன்னா எழும்பி மற்ற ரூமுக்குப் போறா. கெம்பசுக்கு இனி வரமாட்டாவாம்."

"ரிப்பீற் சோதினை?"

"அதையும் கதைக்க விடுறா இல்ல."

பாறைக்குப் பக்கத்தில், இன்றைக்குத் தனியாகவா என்று வடைக்காரன் சிங்களத்தில் கேட்டான். அவள் தலையசைத்து ஒரு வடை வாங்கி உட்கார்ந்தாள். முதலில் சாப்பிட வேண்டும். ஒரு கடி கடித்தாள். விழுங்க முடியாமல் கடதாசியில் சுற்றி வைத்தாள்.

பிறகு, தான் பிள்ளைகளுக்குச் சொன்னதைத் தானே செய்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: மகள், பிழை விட்டது நான். நீ பயந்ததை நான் பார்க்கேல்லை. ரொஷேலின் இலக்கத்தை அழுத்தினாள்.

கோச்சி ஒன்று கடந்து போனது. இந்தத் தடவை அவள் கடலைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ஃபோனையே பார்த்தாள். ரொஷேல் என்ற பெயர் வெளிச்சமாகத் தெரிந்தது. கல்கிசையில் ஏதோ ஓர் அறையில் அது அடித்துக்கொண்டே இருந்தது.