ஊசி அண்ணனும் என் மகளின் ரத்தமும்

என் கை நரம்பு ஊசிக்குச் சிக்காது. முதல் நாள் இரண்டு முறை குத்தியும் வரவில்லை. ரத்தம் எடுப்பவர் தன் டீ டம்ளரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கை சூடானால் நரம்பு தெரியுமாம். "குடிச்சிடாதீங்கம்மா, அது என்னோடது" என்றார். என் வேலை முடிந்து அவர் குடிக்கும்போது அது ஆறிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவரை ஊசி அண்ணன் என்பார்கள்.

என் குடலில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, இது பரம்பரையாக வருவது, மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அண்ணனிடம்தான் விளக்கம் கேட்டேன். ஒரு செல் இரண்டாவதற்கு முன் தனக்குள் இருக்கும் டிஎன்ஏவைப் பிரதி எடுக்குமாம். முறுக்கிய இரண்டு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கேற்ற புது ஜோடியைக் கட்டிக்கொள்ளுமாம்.

நான் துணி வெட்டுகிறவள். அளவு அட்டையை விட்டுவிட்டு, வெட்டிய துணியையே அளவாக வைத்து அடுத்ததை வெட்டினால், இருபதாவது சட்டை யாருக்கும் பொருந்தாது. ஒருமுறை அப்படிச் செய்து சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் அண்ணனிடம் கேட்டேன்.

"உடம்பு பிரதியைப் பார்த்துதானே அடுத்த பிரதி எடுக்குது? பிழை ஏறிக்கிட்டே போகுமே, அண்ணே?"

"அதுக்குத்தான் பின்னாலயே சரிபார்க்கிற ஆளும் உள்ள இருக்குதும்மா. தப்பா தச்சதைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கும். உங்க குடும்பத்துல அந்த ஆள்தான் சரியில்ல."

மகளின் ரத்தத்தையும் அவரே எடுத்தார். முடிவு வர மூன்று வாரம். நான் பயப்படுவதைப் பார்த்தே தனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று மகள் கேலி செய்தாள். ஆனால் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கடவுள் முன் நின்றால் 'அவளுக்கு வேண்டாம்' என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அந்த நாட்களில்தான் அண்ணன் தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அந்த அக்காவுக்கும் இதே கட்டி. பயத்தில் ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அக்கா போன பிறகு, செருப்புக்கடை வேலையை விட்டுவிட்டு இவர் இந்த வேலையைப் படித்தார்.

முடிவு வந்தது. மகளுக்கும் அந்தப் பிழை இருந்தது. நான் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றோடு அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். பையைத் தோளில் மாட்டியபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருக்குன்னா நோய் வந்துடுச்சுன்னு இல்லம்மா. தவறாம குடலைப் பார்த்துக்கிட்டே வந்தா, கட்டி சின்னதா இருக்கும்போதே எடுத்துடலாம். பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டே கூட்டிட்டு வாங்க."