அளவுக்காரியின் பிரிண்டர்

அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் சொல்வார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. யாராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோளைப் பார்ப்பாள். "உங்களுக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லி, வந்தவரைக் கண்ணாடியைத் தேட வைத்துவிடுவாள். மனதில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாது. அதனால் அவளுக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

தொழிற்சாலையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று நாலைந்து அளவுக்குள் ஊரையே அடைத்துவிடுவார்கள். "இதுல அடங்காதவங்க என்ன போட்டுக்குவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். மேற்பார்வையாளர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். கையில் கட்டுப் போட்டவருக்குச் சட்டை மாட்ட முடியாமல் பக்கவாட்டில் கத்தரித்து விட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்வார். அவரோடு வேலை செய்யும் ஒருவர் தோள் எலும்பு முறிந்து கிடந்தபோது, கழுத்திலிருந்து கை நுனிவரை பொத்தான் வைத்துத் திறக்கிற மாதிரி ஒரு சட்டை தைத்து அனுப்பினாள். அந்தச் சட்டையைப் பார்த்து இன்னொருவர் வந்தார். அவரைப் பார்த்து மற்றொருவர் வந்தார். கடைசியில் அவள் தொழிற்சாலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் வெட்டுமாதிரி வரைவாள். அதைச் சாதாரணத் தாள்களில் துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து, ஓரத்தை ஓரத்தோடு டேப் போட்டு ஒட்டி, துணியின் மேல் விரித்து வெட்டுவாள். கம்பி இல்லாத பிரிண்டர். குட்டை அலமாரியின் மேல் பூனை மாதிரி படுத்திருக்கும். கூப்பிட்டால் உறுமிக்கொண்டு எழுந்து தாளைத் துப்பும்.

மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் மனைவிக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்காகப் போனில் பேசுகிற வேலை. அவள் ஓரகத்தி மட்டுமல்ல, ரொம்ப நாள் தோழியும்கூட. வைஃபை மேல்வீட்டுடையது, பிரிண்டர் கீழ்வீட்டுடையது. இரண்டு வீடும் இரண்டையும் பயன்படுத்திக்கொண்டன. ஓரகத்தி மேலே இருந்தபடியே பிரிண்ட் கொடுத்துவிட்டு, "அக்கா, என்னோடது வந்துச்சா?" என்று படியிறங்கி வருவாள்.

எல்லாம் ஒரே ஒரு வார்த்தையில் கெட்டது. அளவுக்காரி ஏதோ தையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே போன் இணைப்பு அறுந்துபோய், ஓரகத்தி அவள் மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கோபத்தோடு கீழே வந்து, "ஓசி வைஃபைன்னா இப்படித்தான் நாள் பூரா ஓட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஓசி என்ற அந்தச் சொல் ஊசி மாதிரி இறங்கியது. அளவுக்காரியும் சும்மா இருக்கவில்லை. பதிலுக்கு அவள் சொன்னதும் லேசான சொல் அல்ல. மறுநாளே புது இணைப்புக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் சுவரில் பெட்டியை மாட்டினான். கம்ப்யூட்டரையும் போனையும் அதில் சேர்த்துவிட்டு, பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டான். அவள் சூடாக இருந்த நேரம். பல்லைக் கடித்தபடி ஒன்றைச் சொன்னாள். அவன் மறுபேச்சில்லாமல் அதையே அடித்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு பெண்களும் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள். கணக்குப் படித்தவள். திங்கட்கிழமை வேலைக்கு நேர்முகத் தேர்வு. "கடையில வாங்கற பேன்ட் எல்லாம் நிக்கறவங்களுக்குத் தைச்சதுதான்க்கா. உக்காந்தா பின்னாடி இறங்கிடுது, முன்னாடி வயித்துல மூட்டையா நிக்குது. பேசும்போது அதை இழுத்து விடறதுலயே என் கவனம் போயிடுது" என்றாள். அளவுக்காரி அவளை நிற்கச் சொல்லாமல், நாற்காலியில் இருந்தபடியே அளவெடுத்தாள். இதுவரை யாரும் அப்படி எடுத்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாக, முழங்காலில் வளைவோடு ஒரு பேன்ட். சனிக்கிழமை வெட்டினால்தான் ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்க முடியும்.

சனிக்கிழமை காலை வெட்டுமாதிரியை முடித்து, பிரிண்ட் என்று கொடுத்தாள். பிரிண்டர் கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர்.

"கிடைக்கலயா? எதிர்லதானே உக்காந்திருக்கு!" என்றாள் கம்ப்யூட்டரிடம்.

அணைத்துப் போட்டாள். பிரிண்டரையும் அணைத்துப் போட்டாள். பிரிண்டரில் நீல விளக்கு நிதானமாக எரிந்தது. தனக்கு ஒரு குறையும் இல்லை என்கிற மாதிரி. பட்டியலிலிருந்து அதன் பெயரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, அழித்தாள். மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த பெயர் அதோடு மறைந்தது. தேடு என்று கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வேலைக்குக் கிளம்பிய கணவர் எட்டிப் பார்த்தார். பிரிண்டரின் முதுகில் கை வைத்தார். "ஆள் உயிரோடதான் இருக்கு. உன் கம்ப்யூட்டருக்குத்தான் நாடி பாக்கத் தெரியல."

"ஏங்க, நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன். போயிட்டு வாங்க."

பிரிண்டர் கம்பெனியின் வாடிக்கையாளர் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நிறைய வாத்திய இசைக்குப் பிறகு ஒருவர் வந்து, கம்பி இருந்தால் அதை வைத்து இணைக்கலாம் என்றார். பிரிண்டரின் பின்னால் சதுர வாய் ஒன்று இருந்தது. அதில் நுழைகிற கம்பி வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுக்கலாம் என்றால், முன்பு ஒருமுறை கடைக்காரர் தாளுக்குள் அடங்கட்டும் என்று தானாகவே சுருக்கிவிட்டதில், பெரியவர் ஒருவருக்கான சட்டை பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி வந்தது. பழுப்புத் தாளை விரித்து ஸ்கேலை எடுத்தாள். கையால் வரையலாம்தான். ஆனால் அந்த முழங்கால் வளைவைக் கம்ப்யூட்டரில் எத்தனையோ முறை திருத்தித் திருத்திக் கொண்டுவந்திருந்தாள். அது கைக்கு வருமா என்று யோசித்தபடி பென்சிலைச் சீவினாள்.

அப்போது அலமாரியின் மேல் ஒரு உறுமல் கேட்டது.

பிரிண்டர் தானாக எழுந்து, ஒரு தாளை உள்ளே இழுத்து, நிதானமாக வெளியே தள்ளியது. அளவுக்காரி பென்சிலோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். தாளில் பட்டைக் கோடுகளும் ஒரு துணிக்கடையின் முகவரியும் இருந்தன. பார்சலைத் திருப்பி அனுப்புவதற்கு ஒட்டுகிற சீட்டு.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்த காலடி ஓசை பாதியிலேயே நின்றது. திரும்பி ஏறலாமா, இறங்கலாமா என்று யோசிக்கிற அமைதி. அளவுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். ஓரகத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழக்க தோஷம்க்கா. கை தானா அமுக்கிடுச்சு" என்றாள் சுவரைப் பார்த்து.

"அதை விடு. எப்படி வந்துச்சு?"

"என்னது எப்படி வந்துச்சு?"

"காலையிலேர்ந்து நான் இதோட மல்லுக்கட்டறேன். பக்கத்துல இருக்கற எனக்கு மசியல. மாடியில இருக்கற உனக்கு எப்படி வேலை செய்யுது?"

ஓரகத்தி உள்ளே வந்தாள். இரண்டு பேரும் பிரிண்டரின் முன்னால் நின்றார்கள். அதன் சின்னத் திரையில் அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனபோது, எந்த வைஃபையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. மேல்வீட்டு வைஃபையின் பெயர்.

"ஐயோ அக்கா! இது இன்னும் எங்க வைஃபைலதான் இருக்கு. நீங்க கம்ப்யூட்டரை மட்டும் மாத்திட்டீங்க. ரெண்டும் வேற வேற வைஃபைல இருந்தா ஒண்ணை ஒண்ணு எப்படிப் பாக்கும்?"

அளவுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ஆளு இதைக் கேக்கவே இல்லயே. நானும் சொல்லல."

"இப்போதைக்கு எங்க வைஃபைலயே உங்க கம்ப்யூட்டரைப் போட்டுக்கோங்க. என்ன இப்ப?"

அளவுக்காரியின் முகம் இறுகியது. "வேணாம். இதை என்னோடதுக்கு மாத்தறதுதான் சரி."

ஓரகத்தி திரையில் அமைப்பைத் திறந்து, அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்ததும் கீழ்வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது.

"நான் போட்டுக்கறேன், நீ தள்ளு" என்று அளவுக்காரி அவசரமாக முன்னால் வந்தாள். ஆனால் எறும்பு மாதிரி இருந்த அந்த எழுத்துகள் அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டும் பார்த்தாள், எடுத்தும் பார்த்தாள். வேறு வழியில்லை. "சரி, நான் சொல்றேன். நீ அமுக்கு. ஒய்."

"ஒய்."

"ஏ. இன்னொரு ஏ. ஆர். யு."

ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஓரகத்தியின் உதடுகள் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே வந்தன. "யாருக்... யாருக்கும்... அக்கா, யாருக்கும் என்ன?"

"பேசாம அமுக்கு. டி. ஹெச். ஏ. ஆர்."

"யாருக்கும் தர... தரமாட்டேனா?"

அளவுக்காரி கூரையைப் பார்த்தாள். காது மடல்வரை சிவந்துவிட்டது. ஓரகத்தி பிரிண்டரின் மேல் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். அழுகிறாளோ என்று அளவுக்காரி பயந்து குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து இவளுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, தவறான பாஸ்வேர்டு என்று திரை சொல்ல, மறுபடி முதலிலிருந்து அமுக்கினார்கள்.

நீல விளக்கு கண் சிமிட்டி, சிமிட்டி, நின்று எரிந்தது. கம்ப்யூட்டரில் தேடு என்று கொடுத்தாள். வட்டம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை. பிரிண்டரின் பெயர் வந்துவிட்டது.

"வந்துட்டாரு துரை!" என்றாள் அளவுக்காரி.

"அப்ப இனிமே நான் எப்படிப் பிரிண்ட் எடுக்கறது?"

"பாஸ்வேர்டுதான் தெரிஞ்சுபோச்சே உனக்கு."

முதல் தாளில் இருந்த சோதனைக் கட்டத்தை ஸ்கேலை வைத்து அளந்து, சுருங்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்ற தாள்களை விட்டாள். தாள்கள் விழ விழ ஓரகத்தி தரையில் உட்கார்ந்து டேப் கிழித்து ஒட்டினாள். மூலையோடு மூலை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த ஓசிங்கற வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. அன்னிக்கு வேலை போயிடுமோன்னு பயம். அதை உங்க மேல கொட்டிட்டேன்."

"நான் மட்டும் என்ன, பூவா தூவினேன்? விடு." அடுத்த தாளை நீட்டியபடி, "என்னத்தைத் திருப்பி அனுப்பற?" என்று கேட்டாள்.

"பேன்ட்தான். இடுப்பு சரியா இருந்தா தொடை பிடிக்குது. தொடை சரியா இருந்தா இடுப்புல இன்னொரு ஆள் நுழையலாம்."

"உன் உடம்புக்கு ரெடிமேட் ஒத்துவராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்ககிட்ட வந்து கேக்கத்தான் வாய் வரல."

சாயங்காலம் கணவர் வந்தபோது, வெட்டின துணித் துண்டுகள் மேசைமேல் அடுக்காக இருந்தன. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓரகத்தி கால் நீட்டி உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பிரிண்டரைப் பார்த்தார், இவர்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எதையாவது சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயந்தவர் போல, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்து, உள்ளறையில் பேன்ட்டை மாற்றிக்கொண்டு, நாற்காலியை உருட்டியபடி வெளியே வந்தாள். முன்னால் சாய்ந்தாள். பின்னால் கை விட்டுப் பார்த்தாள். பக்கவாட்டில் திரும்பினாள். துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

"இழுத்து விட வேண்டியதே இல்லக்கா" என்றாள், நம்பாத மாதிரி. பிறகு தொடையைத் தட்டிக் காட்டினாள். "இங்க ஒரு பாக்கெட் வெச்சா போன் வெச்சுக்கலாம். பின் பாக்கெட் எனக்கு எதுக்கு?"

அளவுக்காரிக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து பாக்கெட்டை வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமைத் தேர்வில் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை. அதை அவளே போனில் சொன்னாள். சொல்லும்போது குரல் அப்படியொன்றும் தொய்ந்துபோயிருக்கவில்லை. அன்றைக்குப் பேசின மாதிரி தான் எங்கேயும் பேசியதில்லை என்றாள். அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அடுத்து போன இடத்தில், ஒரு பண்டகசாலையின் கணக்குப் பிரிவில், அவளை எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரமே அங்கிருந்து இன்னொருவரை அனுப்பினாள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். வாசலில் தயங்கி நின்றவரை அளவுக்காரி உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினாள். அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"முதல்ல நீங்க எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க" என்றாள்.