ஒரு கல்லையும் எடுக்கக் கூடாத மலை

செல்வசிங்கை ஏமாளி என்று சொல்கிறவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. அவனோடு ஒரே ரூமில் பல வருடம் கிடந்தவன் நான்.

கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு மீன்பிடிக்க வந்தவன் அவன். அர்பாப் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி சயீதின் படகில் வேலை. கரையை ஒட்டி நின்ற மலையைச் சயீதின் மலைக்குடி மக்கள் தாய் என்பார்கள். பருவத்தின் முதல் மீனை அடிவாரத்தில் வைத்த பிறகுதான் வலை இறங்கும். அந்த மலையிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. விவரம் தெரியாமல் நங்கூரத்துக்கென்று செல்வசிங் ஒரு கல்லைத் தூக்கி வந்தபோது, அர்பாப் அதைத் திரும்பச் சுமக்க வைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அன்றைக்கே அவர்மேல் இவனுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கடலைப் போலவே இங்கும் கணியம் பார்த்துத்தான் தொழில்; கரையில் தெரியும் அடையாளங்களை நேர்வைத்துக் கடலில் இடம் குறிப்பதுதான் கணியம். மலையுச்சி பள்ளிவாசல் மினாராவுக்கு நேர்மேலே வந்து, தெற்கே தண்ணீர்த் தொட்டி கரைமுனையில் மறையும் இடத்தில், கடலடியில் பாறை. கலவா மீன் அங்கே குவிந்து கிடக்கும். அது தாய் காட்டிய இடம், யாருக்கும் சொல்லக் கூடாது என்று அர்பாப் செல்வசிங்கிடம் மலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார்.

வேறொரு முதலாளியின் படகில் மீன் கிடைக்காமல் தவித்த செல்வசிங்கின் சொந்தத் தம்பி ஷைஜு வந்து கெஞ்சினான்.

"அண்ணே, அந்தக் கணியத்த ஒருக்கா சொல்லு. எனக்க அர்பாப் விசாவ கேன்சல் பண்ணப் போறான்."

"மலையத் தொட்டுச் சொல்லியிருக்கேன்டே. முடியாது."

ஷைஜு ஊருக்கு அனுப்பப்பட்டான். அவன் கல்யாணத்துக்குக்கூட அண்ணனுக்குச் சொல்லவில்லை.

2005இல், கடலில் தீவு கட்டக் கல் வேண்டுமென்று ஒரு கம்பெனி வந்தது. மலைக்குடியில் முதல் ஆளாகச் சம்மதித்தது யார் தெரியுமா? அந்தச் சயீத்தான். வேலியே பயிரை மேய்ந்தது. வெடி வைத்து உச்சியைப் பெயர்த்தார்கள்.

அன்றைக்கு ஒரு கல்லைத் திரும்ப வைக்கச் சொன்னீர்களே என்று செல்வசிங் தெரிந்த இந்தியில் கேட்டான். அவர் தலை நிமிரவில்லை. "கலாஸ், செல்வா" என்றார், எல்லாம் முடிந்தது என்று. படகை விற்றாயிற்றாம். நாளையிலிருந்து இவனுக்குக் கல் உடைக்கும் கிரஷரில் டூட்டியாம். படுபாவி!

அன்று மாலை செல்வசிங் தம்பிக்குப் போன் செய்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மலையுச்சி, மினாரா, தண்ணீர்த் தொட்டி என்று கணியத்தை ஒன்றுவிடாமல் சொன்னான். பிறகு, அந்த உச்சி இப்போது இல்லை, அர்பாபே உடைக்கக் கொடுத்துவிட்டார் என்றான்.

போனில் ஷைஜுவின் குரல் எனக்கும் கேட்டது.

"அப்ப நீ யாருக்கு வேண்டி என்னைய விட்டுக்குடுத்த, அண்ணே?"