நீலத் துணிக்கு இந்தப் பக்கம்

போன சனிக்கிழமை ஒரு கடலைப் பார்த்தேன், பிள்ளைகளே. கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ளே. நீலத் துணிதான்... இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார்கள். வெளியே பனி. உள்ளே அலை.

என் மகள் துளசி நடித்த நாடகம். பழைய கிரேக்க நாடகங்களில் வரும் அகதிகளின் கதைகளைக் கோத்து ஆசிரியை பிரெஞ்சில் செய்தது. ஊரில் இருக்க முடியாமல் சில பெண்கள் கடல் கடந்து ஓடி வருகிறார்கள். கையில் ஒலிவ மரக் கிளை, அதில் சுற்றிய வெள்ளைக் கம்பளி நூல். அந்தக் கிளையோடு கோயிலடியில் வந்து இருந்துவிட்டால் யாரும் அவர்களைத் தொடக்கூடாது — அந்தக் கால நியாயம் அது.

ஆனால் பின்னாலேயே துரத்தி வருகிறவர்களின் கப்பல். உள்ளே விட்டால் சண்டை வரும். விரட்டினால் பாவம் வரும். ராசா என்ன செய்வார்? ஊரைக் கேட்கிறார்.

ஊர் என்பது பார்க்க வந்த நாங்கள்தான். நாங்கள் 'வுய்' என்று சம்மதித்தால் நகரக் கதவு திறக்கும். 'நோன்' என்று மறுத்தால் பெண்கள் திரும்பக் கடலுக்குள். ஆசிரியை முடிவை எழுதி வைக்கவே இல்லையாம்.

வெள்ளிக்கிழமை மாணவர்களுக்குக் காட்டியபோது அவர்கள் பகிடிக்கு 'நோன்' என்று கத்தியிருக்கிறார்கள். பெண்களாக நடித்த துளசியும் மற்றப் பிள்ளைகளும் குனிந்து நீலத் துணிக்குக் கீழே போனார்களாம். வீட்டுக்கு வந்த துளசி சாப்பிடவில்லை.

"நாடகம்தானே குஞ்சு," என்றேன்.

"தெரியும் அப்பா. ஆனா அவங்கள் சிரிச்சவங்கள். நாளைக்கும் நோன் எண்டா நான் போகமாட்டன். அங்கையே இருப்பன்."

"அப்பனைப் போலை," என்றாள் என் மனைவி. "இவரையும் அசைக்கேலாமல்தானே இந்த நாட்டிலை விட்டு வைச்சவங்கள்."

சிரித்தேன். பாதிச் சிரிப்புத்தான். ஒருகாலத்தில் ஓர் அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்து, 'இருக்கலாமா, போகவேண்டுமா' என்று காத்திருந்தவன் நான்.

சனிக்கிழமை, ராசாவாக நடித்த கியூபெக் பெடியன், ஒட்டுத் தாடியை ஒரு கையால் பிடித்தபடி மண்டபத்தைக் கேட்டான்: "கதவைத் திறக்கலாமா?"

சத்தமே இல்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் யார் முதலில் வாய் திறப்பது? ஊர் என்றால் அப்படித்தானே... எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்ப்போம். நீலத் துணி மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. துளசி என்னைத் தேடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவசரத்தில் பிரெஞ்சு எப்போது வந்திருக்கிறது? வந்தது எங்கள் யாழ்ப்பாணத்துச் சம்மதம்.

"ஓம்," என்றேன். கொஞ்சம் பலமாக.

ராசா முழித்தான். பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சத்தத்தில் ஒரு சொல் உண்டு. அங்கே அதற்கு 'மனிதன்' என்று அர்த்தம்.

"மனிதனா?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

முன்வரிசையில் ஒரு மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ராசாவைப் பார்த்து, "அதுதானே, மனிதர்கள்தானே வந்திருக்கிறார்கள். வுய்," என்றார். அப்புறம் வுய், வுய் என்று மண்டபம் முழுக்க... பின்வரிசையில் இருந்து இன்னும் இரண்டு ஓம். கதவு திறந்தது.

காரில் துளசி கேட்டாள்: "அப்பா, வுய் எண்டு சொல்லத் தெரியாதோ?"

"அவசரத்திலை வரேல்லை."

"பரவாயில்லை," என்றாள். "உள்ளை விட்டிட்டாங்கள்."

கதவடியில் யாராவது நின்றால் முதல் ஆளாய் 'ஓம்' என்று சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே. உச்சரிப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.