பூத்ததும் போகிறேன்

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பால் பொங்கிவிட்டதா என்று தட்டைத் திறந்து திறந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவளை ஒரு காட்டு ஆர்க்கிட் பூக்கும்வரை காத்திரு என்றால் என்னாவது?

அதைக் கொண்டுவந்தவர் அத்தை, அப்பாவின் தங்கை. மாமாவோடு ஆகாமல், பம்மலிலிருந்து ஒற்றைப் பையோடு தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வண்டலூர்ப் பக்கம் சாலைக்காக வெட்டிப்போட்ட வேப்பங்கிளையில் அது ஒட்டிக்கொண்டிருந்ததாம். கிளைத்துண்டோடு எடுத்துவந்து மொட்டைமாடி நிழலில் தொங்கவிட்டார். தொட்டியும் மண்ணுமாக வந்த அம்மாவைத் தடுத்தார். "மண்ணுல வச்சா வேர் அழுகிடும் அண்ணி. இதுக்குக் காத்தே போதும்." தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பார். தொங்கும் வெள்ளை வேர்கள் ஈரம் பட்டதும் பச்சையாக மாறும். அந்த நேரத்தில் மட்டும்தான் அத்தை முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

மாமா பைக்கில் வந்தார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அத்தை மணிக்கட்டிலிருந்த தழும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எண்ணெய் தெறித்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். "எத்தன நாளைக்கு இங்கயே இருப்ப?" என்றார் அப்பா.

"செடி பூக்கட்டும்ண்ணா. அதப் பாத்துட்டுப் போறேன்."

மாமாவே சிரித்துவிட்டார். செடிதானே, பூக்க எவ்வளவு நாள் ஆகிவிடும். எனக்கும் வருத்தமில்லை. ஷேர் ஆட்டோ ஏறினால் பம்மல். நினைத்தால் போய்ப் பார்த்துவிடலாம். முதல் பூ எனக்குத்தான் என்று அத்தை சொல்லியிருந்தார், அதுதான் முக்கியம்.

மழை முடிந்து, வெயிலும் வந்தபிறகு இலையிடுக்கில் பூத்தண்டு எட்டிப்பார்த்தது. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். மறுநாள் அதைக் காணோம். "அணில் கடிச்சிருக்கும்," என்றார் அத்தை. அடுத்த தண்டு வந்தபோது வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, குடைக்கம்போடு மாடியிலேயே காவல் இருந்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அதுவும் போயிற்று. அணில் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது தண்டில் மொட்டுகளே வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாமா வரப்போகிறார் என்று வீட்டில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடினேன். மொட்டு, தண்டு எதுவும் இல்லை.

"இன்னா, பூத்துச்சா இல்லியா? எவ்ளோ நாளு இப்டி பேஜார் பண்ணிகினு இருப்ப?" என்றார் மாமா. அத்தை வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "அணில் தின்னுடுச்சு மாமா," என்று ஓவென்று அழுதேன். அந்த அழுகையை யாராலும் சந்தேகப்பட முடியவில்லை. மாமா சாப்பிடாமலே பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அத்தை என்னை மடியில் இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் கட்டைவிரல் நகத்தில் பச்சைக் கறை, பச்சிலை வாசனை. கீரை ஆய்ந்த கை என்று நினைத்துக்கொண்டேன். அன்று வீட்டில் யாரும் கீரை வாங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.