ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று

சுழலும் ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வளையத்துக்கு ஆயில் சீல் என்று பெயர். அது எங்கே சூடேறும், எங்கே கிழியும் என்று வார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பிழைப்பு. இதே பிழைப்பில் மாட்டிக்கொண்டவர்களே, என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். நாகர்கோவில் பக்கம் எங்கள் கம்பெனி. குளச்சல் விசைப்படகு கியர்பாக்ஸுக்கு நாங்கள் கொடுத்த சீல் இரண்டு தடவை ஒழுகித் திரும்பி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூணாவது தடவையும் வந்தா கம்ப்யூட்டரும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

கறுப்பு

ரப்பரை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு எதிர்க்கும் என்று தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும். சீல் வார்க்கும் அதே கலவையில் நாலு துண்டு கேட்டேன். ரப்பர் வார்க்கும் பிரஸ்ஸை ஓட்டும் சுரேஷ் கொடுத்தான். எண்ணெயில் ஊறப்போட்டு, இழுத்து, அளந்து, கணக்கும் போட்டு முடித்த பிறகு தெரிகிறது, அது சைக்கிள் பெடலுக்கான கலவை. ஒரு வாரம் மண்ணாய்ப் போச்சே, இப்படியா செய்வாய் என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டும் கறுப்புதானேக்கா?"

சிவப்பு

சரியான ரப்பரை வைத்துப் போட்ட கணக்கில், சீலின் உதடு, அதாவது உள்விளிம்பு, ஷாஃப்டைத் தொடும் இடம் படத்தில் சிவப்பாக வந்தது. சிவப்பென்றால் அங்கே அழுத்தம் அதிகம், தாங்காது என்று அர்த்தம். முதலாளி எட்டிப் பார்த்தார். வாங்குற பார்ட்டி பயப்படுவாவ, பச்சையாக்கு என்றார்.

ஆக்கினேன். உதட்டின் கோணத்தை மாற்றி, தடிமனைக் குறைத்து, உதட்டைச் சுற்றி வளையமாக இறுக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பதினேழு தடவை ஓட்டிப் பார்த்து, நேர்மையாகவே பச்சை வந்தது. கண் பூத்துப்போய், முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டாக ஒரு 'கொள்ளாம்' கிடைக்கும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஒரு கலரை மாத்த ரெண்டு வாரமா?"

குளச்சல்

புது சீலும் பத்தே நாளில் ஒழுகியது. முதலாளி என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளச்சல் போனார். வழி நெடுக, வேறு வேலை எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

படகு மெக்கானிக் அந்தோணி அண்ணாச்சி கழற்றி வைத்திருந்த சீலைப் பார்த்தேன். உதடு கருகி வெடித்திருந்தது. உதட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கை எடுத்து அளந்தால், நாங்கள் அனுப்பியதைவிடக் குட்டை.

"இதை வெட்டினீங்களா?"

"ரெண்டு சுத்து வெட்டுனேன். எப்பவும் வெட்டுவேன். டைட்டா இருந்தாத்தானே மக்களே ஒழுகாது?"

எப்பவுமாம்! டைட்டாக இருந்ததால்தான் உரசிச் சூடாகிக் கருகியது, மூன்று தடவையும் என் சோற்றில் மண் விழுந்தது உங்கள் கட்டிங் பிளேயரால்தான் என்று முதலாளி முன்னாலேயே பொரிந்து தள்ளினேன். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "நான் வெட்டுவேன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லலியா?"

முதலாளி சிரித்துவிட்டதால் என் வேலை தப்பியது. இப்போதெல்லாம் ரப்பர், சூடு, வேகம் எல்லாம் போட்டு முடித்த பிறகு, ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றைக் குறைத்து அந்தோணி அண்ணாச்சிக்காகத் தனியாக ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன்.